டெல்டா வீட்டுத் தொட்டிச் செடிகள்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

கும்பகோணத்தில் எங்களுடையது பழைய காலத்து ஓட்டு வீடு. இரண்டு பக்கமும் பொதுச்சுவர், வாசலில் திண்ணை, நடுவில் ஆறடிக்கு எட்டடி முற்றம், பின்னால் ஒரு கிணற்றடி. அவ்வளவுதான் இடம். இதற்குள்தான் பல வருடமாகச் செடி வளர்க்கிறேன். தெரிந்தவர்கள் செடி வாடினால் என்னிடம் வந்து, "இதுக்கு என்ன உரம் போடணும்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

உரத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இலையைப் பாருங்கள், மண்ணில் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், தொட்டியைத் தூக்கி எடை பாருங்கள். பிறகு கீழே உங்கள் செடியின் நிலைமை எதுவோ அந்தப் பகுதிக்குப் போங்கள். ஒன்றும் பொருந்தவில்லை என்றால் முதல் பகுதியை எதற்கும் படித்துவிடுங்கள். நம் பக்கத்தில் நான் பார்த்த சாவுகளில் பெரும்பாலானவை அதில்தான் அடங்கும்.

இலை மஞ்சளாகி உதிர்கிறது, மண்ணோ ஈரமாகவே இருக்கிறது

அடி இலைகள் முதலில் மஞ்சளாகும். செடி தொங்கிப்போய் நிற்கும். பார்ப்பதற்குத் தண்ணீர் இல்லாமல் வாடியது போலவே இருப்பதால் வீட்டில் ஆளாளுக்கு ஒரு சொம்பு ஊற்றுவார்கள். அதோடு கதை முடிந்துவிடும்.

தொட்டியைக் கவிழ்த்துச் செடியை மண்ணோடு உருவிப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ, விரலால் அழுத்தினால் விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகி, வழவழவென்று தோல் உரிந்து கையோடு வரும். சாக்கடை வாடை அடிக்கும். வேருக்கும் மூச்சு விடக் காற்று வேண்டும். மண்ணின் இடுக்குகள் முழுக்கத் தண்ணீர் நின்றுவிட்டால் வேர் திணறிச் சாகிறது. செத்த வேர் தண்ணீரை உறிஞ்சாது என்பதால்தான் ஈரத்திலேயே நின்றும் செடி வாடுகிறது.

காரணம் பெரும்பாலும் நாம் பெருமையோடு வயலில் இருந்து அள்ளி வந்த வண்டல்மண். இதைச் சொன்னால் நம் ஊர்க்காரர்கள் வருத்தப்படுகிறார்கள். "முப்போகம் விளைஞ்ச மண்ணுப்பா அது!" என்று என் சித்தப்பாவே கோபித்துக்கொண்டார். அவர் சொல்வது உண்மைதான், ஆனால் அது நெல்லுக்கு. நெற்பயிரின் தண்டுக்குள் காற்றுக் குழாய்கள் இருக்கின்றன. இலை வழியாக வரும் காற்றை அது வேர் வரைக்கும் இறக்கிக்கொள்ளும், சேற்றில் நின்றாலும் மூச்சு முட்டாது. ரோஜாவுக்கும் குரோட்டனுக்கும் மருளுக்கும் (ஸ்னேக் பிளாண்ட்) அந்த வசதி கிடையாது.

தொட்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்துக் கையில் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் தண்ணீர் கொட்டும். தொட்டியும் இப்படித்தான். எந்தத் தொட்டியிலும் அடியில் ஒரு பட்டை அளவுக்கு நீர் வடியாமல் தங்கும். தொட்டி உயரமாக இருந்தால் வேருக்கு அதற்கு மேலே இடம் கிடைக்கும். அகலமான குட்டைத் தொட்டியாக இருந்தால் பாதி மண் அந்தப் பட்டைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். களிமண்ணில் அந்தப் பட்டை மணல்கலந்த மண்ணைவிட உயரமாக இருக்கும். இன்று அழகுக்காக எல்லோரும் வாங்குகிற தட்டு போன்ற பீங்கான் கிண்ணங்களில் வண்டலைப் போட்டு நட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

"அடியில் ஓட்டாஞ்சல்லியும் கூழாங்கல்லும் இரண்டு அங்குலம் பரப்பினால் தண்ணீர் வடிந்துவிடும்" என்று சொல்வார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் செய்தேன். அது தவறு. பொடி மண்ணில் இருக்கும் நீர், மண் முழுதாக நிரம்பித் ததும்பும் வரை கீழே உள்ள கல் அடுக்குக்கு இறங்காது. கல் போட்டால் அந்த ஈரப் பட்டைதான் இரண்டு அங்குலம் மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வருகிறது. மண் ஒழுகாமல் இருக்க ஓட்டையின் மேல் ஒரே ஒரு ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து வைத்தால் போதும்.

சரி, இப்போது செடியைக் காப்பாற்றுவோம். அழுகிய வேர்களைச் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டுங்கள். வேர் பாதி போனால் மேலே இலையையும் அந்த அளவுக்குக் குறையுங்கள். இருந்ததைவிடச் சின்னத் தொட்டியில் புது மண்கலவையில் நடுங்கள். மருள், கற்றாழை போல இலையில் நீர் வைத்திருக்கும் செடி என்றால் வேரை நிழலில் இரண்டு நாள் ஆறவிட்டு நட்டு, மூன்றாம் நாள் தண்ணீர் காட்டலாம். மற்றவற்றுக்கு நட்டதும் ஒரு முறை ஊற்றி நிழலில் வைத்துவிடுங்கள். புதுத் துளிர் வரும் வரை எந்த உரமும் வேண்டாம்.

நான் பயன்படுத்தும் கலவை: செம்மண் இரண்டு பங்கு, கோகோபீட் (தென்னை நார்த் தூள்) ஒரு பங்கு, மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கிய தொழுஉரம் ஒரு பங்கு, நெல் உமி ஒரு பங்கு. வல்லம் பக்கத்து மேட்டுநிலச் செம்மண் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. வண்டல்தான் இருக்கிறது என்றால் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகவேண்டாம். உமிக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை, எந்த அரிசி ஆலையிலும் கிடைக்கும். அதில் தப்பித்த நெல்மணிகள் தொட்டியில் முளைத்து வரும், பிடுங்கிவிடுங்கள். கருக்கிய உமி கிடைத்தால் இன்னும் நல்லது, முளைக்கவும் செய்யாது, சீக்கிரம் மக்கிப்போகவும் செய்யாது.

ஊற்றிய தண்ணீர் உடனே அடியில் ஓடிவிடுகிறது, செடி வாடியே இருக்கிறது

இது கோடையில் வரும் கோளாறு. களிமண் காய்ந்தால் வயல் வெடிப்பு விடுவது போலத் தொட்டியின் சுவரை விட்டுச் சுருங்கி விலகும். ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக நேராக வெளியே போய்விடும். கோகோபீட் அதிகம் உள்ள கலவை ஒரேயடியாகக் காய்ந்துபோனாலும் தண்ணீரை ஏற்காமல் தள்ளும்.

தொட்டியோடு ஒரு வாளித் தண்ணீரில் விளிம்பு வரை முக்கி வையுங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்து வடியவிடுங்கள். அடுத்த நாளே மேல்மண்ணைக் கிளறி, சுவரோரம் விரலால் அழுத்தி, மேலே ஒரு அங்குலம் உமியோ காய்ந்த இலையோ பரப்புங்கள்.

இடத்தை மாற்றவே இல்லை, போன மாதம் வரை நன்றாக இருந்த செடி திடீரென்று கருகுகிறது

நீங்கள் மாற்றவில்லை, சூரியன் இடம் மாறியிருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் என் முற்றத்தில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கும்பகோணம் ஏறத்தாழ 11 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். அதன்பின் ஆகஸ்ட் கடைசி வாரம் வரை, நான்கு மாதத்துக்கு மேல், உச்சி வேளையில் அது வானத்தின் வடபக்கத்தில் நிற்கிறது. அதனால் வருடம் முழுக்க நிழல் என்று நாம் நம்பியிருந்த வடக்குப் பார்த்த பால்கனியில் சரியாகக் கத்திரி வெயில் காலத்தில்தான் வெயில் உள்ளே விழும். அங்கே பாதுகாப்பாக இருக்கிறதென்று வைத்த பெரணியும் கலாத்தியாவும் சித்திரையிலும் வைகாசியிலும் கருகுவது இதனால்தான். தெற்குப் பார்த்த பால்கனிக்கோ நேர்மாறு. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து இறங்குவதால் வெயில் அறை வரைக்கும் வரும். ஆனி மாதத்தில் மேல்மாடித் தளம் மறைத்து நிழலாகிவிடும்.

வெயில் சுட்டதா, நோயா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெயில் பட்ட பக்கத்து இலைகளில் மட்டும் வெளுத்த காகிதம் போன்ற திட்டு இருந்தால் அது வெயில். அந்தத் திட்டு ஆறாது, பரவவும் செய்யாது. தமிழ்ப் புத்தாண்டுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போதே வடக்குப் பக்கத்து நிழல் செடிகளைத் தெற்கே மாற்றிவிடுங்கள். ஆவணி முடியும்போது திரும்பக் கொண்டுவாருங்கள். வருடத்துக்கு இரண்டு முறை அரை நாள் வேலைதான். நிழல்வலை கட்டிப் பால்கனியின் அழகைக் கெடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கொடி நீண்டுகொண்டே போகிறது, இலை சிறுத்துவிட்டது

கணுவுக்குக் கணு இடைவெளி கூடி, இலை சிறுத்து, கொடி ஜன்னல் பக்கமாக வளைந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். ஜன்னலுக்கு அருகில் நகர்த்துங்கள், நீண்ட பகுதியைக் கிள்ளி அதே தொட்டியில் நட்டு அடர்த்தியாக்குங்கள்.

ஆனால் வெளிச்சம் இருந்தும் இலை சிறிதாக இருந்தால், கொடியை நீங்கள் தொங்கவிட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். மணி பிளாண்ட் மரத்தில் ஏறும் சாதி. ஏறினால் இலை பெருக்கும், தொங்கினால் சிறுக்கும். தென்னை நார் சுற்றிய ஒரு கம்பை நட்டு, நாரை ஈரமாக வைத்து ஏற்றிவிட்டால் ஆறேழு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

இதில் எனக்கு ஒரு ஆசை உண்டு. காவிரிக்கரையில் இருந்துகொண்டு ஏன் எல்லா வீட்டிலும் மணி பிளாண்ட்? கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அந்தக் கொடியின் இதய வடிவ இலையும் பளபளப்பும் எந்த விலையுயர்ந்த உள்ளறைச் செடிக்கும் குறைந்ததல்ல, விருந்தாளி சாப்பிட்டு எழுந்ததும் பறித்துத் தட்டில் வைக்கலாம். கொடிக்காலில் அது அகத்தி மரத்தைப் பற்றி ஏறி, அதன் சல்லடை நிழலில் வளர்வதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். காலை வெயில் மட்டும் படும் தாழ்வாரத்து ஓரம் அதற்குச் சரியான இடம். மூன்று நான்கு கணு உள்ள துண்டை, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள்.

வெற்றிலை இலை மழைக்காலத்தில் தண்ணீரில் ஊறியது போலக் கரும்புள்ளி விட்டு, கொடி மண்மட்டத்தில் கறுத்தால் அது அழுகல் நோய். மண்ணில் தெறிக்கும் மழைநீர் வழியாகப் பரவும். காத்திருக்க வேண்டாம். மேலே நன்றாக இருக்கும் கொடியை வெட்டிப் புது மண்ணில் நட்டுவிட்டு, பழைய மண்ணை எந்தச் செடிக்கும் போடாமல் அப்புறப்படுத்துங்கள்.

இலை நுனி கருகுகிறது, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறது

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கத்து வீடுகளுக்கு இது நன்றாகத் தெரிந்த அறிகுறி. போர் தண்ணீரில் உப்பு. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு மட்டும் மண்ணிலேயே தங்கிச் சேரும். மண்தொட்டியில் அது வெளியே பூத்துத் தெரியும். பிளாஸ்டிக்கில் தெரியாமல் உள்ளேயே சேர்ந்துகொண்டு இருக்கும்.

மழைநீரைப் பிடித்து வைத்து, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நீரை மெதுவாக ஊற்றி அடியில் ஓடவிடுங்கள். உப்பு கரைந்து வெளியேறும். தட்டில் வடிந்த நீரைச் செடி மறுபடி உறிஞ்ச விடாமல் கொட்டிவிடுங்கள். ஐப்பசி மழை வரும்போது தாங்கக்கூடிய செடிகளை வெளியே எடுத்து வைத்தாலே இந்த வேலை தானாக நடக்கும். கோகோபீட் கட்டியிலும் உப்பு இருக்கலாம், எனவே ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் பிழிந்த பிறகு பயன்படுத்துங்கள். கடலோரத்தில் கலாத்தியா, அந்தூரியத்தோடு போராடுவதைவிட போகன்வில்லா, மருள், நித்தியகல்யாணி, கற்றாழை என்று வைத்தால் நிம்மதி. அரளியும் உப்பைத் தாங்கும். அது விஷச் செடி என்பதால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் நான் வைக்கமாட்டேன்.

துளசி கட்டையாகிவிட்டது, இலையே இல்லை

கதிர் விட்டு விதை முற்றினால் துளசி இலை விடுவதைக் குறைத்துக்கொள்ளும். "துளசியைக் கிள்ளக்கூடாது" என்று எங்கள் அத்தை விடவேமாட்டார். கதிரைப் பறித்துப் பெருமாளுக்குச் சாத்தலாம் அத்தை என்று சொன்னதும் அவரே தினமும் பறிக்க ஆரம்பித்தார், செடி புதர் போல ஆகிவிட்டது. மாடத்துக்கு அடியில் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். புதிதாகக் கடையில் வாங்கும் சிமெண்ட் மாடங்களில் பலவற்றுக்கு இல்லை. பூசைக்குத் தினமும் ஒரு சொம்பு ஊற்றும் வழக்கத்தை மழைக்காலத்தில் ஒரு உத்தரணியாக மாற்றிக்கொள்ளலாம்.

தண்டில் வெள்ளைப் பஞ்சு, இலையில் பிசுபிசுப்பு

மாவுப்பூச்சி. செம்பருத்தியில் முதலில் வரும். பழைய டூத்பிரஷால் தேய்த்துத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள், வாரம் ஒரு முறை, மூன்று வாரம். எறும்பு ஏறுகிறதா என்று கவனியுங்கள். அந்த இனிப்புப் பிசுக்குக்காக எறும்பே பூச்சியைப் பாதுகாக்கும்.

பித்தளை அண்டாவில் வைத்த செடி பிழைக்கவில்லை

பாட்டி காலத்து அண்டாவும் தவலையும் பரணில் தூங்குவதைவிட வாசலில் செடியோடு நிற்பது எனக்குப் பிடித்த காட்சி. ஆனால் மண்ணை நேராக அதில் கொட்டாதீர்கள். ஓட்டை கிடையாது என்பது ஒன்று. ஈரமண்ணும் உரமும் பித்தளையை அரிக்கும், அதிலிருந்து கரையும் செம்பு அதிகமானால் வேருக்கு நஞ்சு என்பது இன்னொன்று. ஓட்டை போட்டு அந்தப் பாத்திரத்தைப் பாழாக்கவும் வேண்டாம்.

உள்ளே ஒரு செங்கல்லை வைத்து, அதன்மேல் செடியைப் பிளாஸ்டிக் தொட்டியோடு இறக்குங்கள். விளிம்புக்கு ஒரு அங்குலம் கீழே இருந்தால் பிளாஸ்டிக் கண்ணில் படாது. தண்ணீர் காட்டும் நாளில் வெளியே எடுத்து, வடிந்த பிறகு திரும்ப வையுங்கள். பச்சைக் களிம்பு ஏறிய பித்தளைக்குப் புளிதான் மருந்து.

செடிக்குப் பின்னால் சுவர் பொரிகிறது, மாடியில் கசிவு தெரிகிறது

சுண்ணாம்புச் சுவரில் தொட்டிச் சட்டத்தை ஒட்டி அறைந்தால் ஓதம் ஏறும். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே மூன்று அங்குலமாவது காற்றோட்டம் விடுங்கள். பொதுச்சுவரில் செய்யவே வேண்டாம், பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து இறங்கும்.

மொட்டைமாடியில் எடைதான் கவலை. பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் ஈரக் களிமண் 20 கிலோவைத் தாண்டும். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பில் போட்ட பழைய தளமாக இருந்தால் தொட்டிகளைச் சுவர் தாங்கும் ஓரங்களில் மட்டும், கால் வைத்த தாங்கிகளின் மேல் வையுங்கள். தண்ணீர் தேங்கினால் உத்திரம் வெளியே தெரியாமல் உளுத்துவிடும். தொங்கும் தொட்டிகளைப் புயல் எச்சரிக்கை வந்ததும் இறக்கிவிடுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையைக் கடந்தபோது தென்னைகளே சாய்ந்தன. ஒரு கொக்கி என்ன தாங்கும்?

நெட்டி மஞ்சளாகிறது, கோரைப்பாய் பூஞ்சை பிடிக்கிறது, பிரம்பிலிருந்து மாவு கொட்டுகிறது

உயிருள்ள செடிக்கு வெளிச்சம் இல்லாத மூலைகளில், செடியால் ஆன பொருளை வைக்கலாம் என்பது என் எண்ணம். அதற்குக் கடையில் விற்கும் துணிப் பூ, பிளாஸ்டிக் கொடி எதுவும் வேண்டாம். தஞ்சாவூர் நெட்டி வேலை இருக்கிறது, 2020-ல் புவிசார் குறியீடு பெற்றது. நீர்நிலைகளில் வளரும் நெட்டிச் செடியின் தண்டுக்குள் இருக்கும் வெண்சோற்றைச் சீவிச் செய்வது. வெயிலும் தூசியும் பட்டால் மஞ்சளாகும், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள், நேர்வெயில் படாத சுவரில் வையுங்கள். தூசியை மெல்லிய காய்ந்த தூரிகையால் தட்டுங்கள், தண்ணீர் தொடவே கூடாது. மஞ்சளானதை மீண்டும் வெள்ளையாக்க முயலாதீர்கள்.

கோரைப்பாயைச் சுவரில் அலங்காரமாக மாட்டியிருந்தால் அடைமழைக் காலத்தில் கழற்றிச் சுருட்டி நிமிர்த்தி வையுங்கள், வெயில் வந்ததும் காயவைத்துத் தட்டுங்கள். பிரம்புக்கு அடியில் மாவு கொட்டினால் பூச்சி துளைக்கிறது. பூச்சில்லாத இடத்தில்தான் அது முட்டையிடும் என்பதால் கோடை வெயிலில் நன்றாகக் காயவைத்து, வெட்டு முனைகள் உட்பட வார்னிஷ் அடித்துவிடுங்கள்.

அல்லித் தொட்டியில் தண்ணீர் பச்சையாகிறது, கொசு வருகிறது

மேலே வேண்டாம் என்று ஒதுக்கிய வண்டல்மண்ணுக்கு இதோ வேலை வந்துவிட்டது. அல்லிக்கும் தாமரைக்கும் அதைவிடச் சிறந்த மண் கிடையாது. ஓட்டையில்லாத, பதினெட்டு அங்குலமாவது அகலமுள்ள தொட்டியில் ஐந்து அங்குலம் வண்டலைச் சேறாகப் பிசைந்து போட்டு, கிழங்கை நட்டு, மேலே ஒரு அங்குலம் மணல் பரப்புங்கள். மணல் இல்லாவிட்டால் தண்ணீர் தெளியாது. தாமரைக்கு இன்னும் பெரிய, வட்டமான தொட்டி வேண்டும். மூலை இருந்தால் ஓடுகிற கிழங்கின் நுனி அங்கே முட்டி நின்றுவிடும்.

முதல் சில வாரம் தண்ணீர் பச்சையாவது இயல்பு. பதறிப்போய்த் தினமும் மாற்றினால் புதுத் தண்ணீரோடு புதுச் சத்தும் வந்து பாசி இன்னும் கூடும். ஆவியாகிக் குறைந்த அளவை மட்டும் நிரப்புங்கள். இலைகள் நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் மூடியதும் பாசிக்கு வெளிச்சம் கிடைக்காமல் தானாகத் தெளிந்துவிடும். பச்சைச் சாணம் போட்டிருந்தால் மட்டும் சேற்றையே மாற்ற வேண்டும்.

கொசுவை அலட்சியம் செய்யாதீர்கள். டெங்கு பரப்பும் கொசு முட்டையிடத் தேடுவது இப்படிப்பட்ட தெளிந்த நீரைத்தான். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். நாலைந்து கப்பி மீன் விட்டால் ஒரு புழு மிஞ்சாது. மீன் விட்ட தொட்டியில் வேப்பெண்ணெய் தெளிப்பு தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்கழியில் முற்றத்துக்குள் வெயில் குறைவதால் பூ நின்றுபோகும். அது நோயில்லை, மாசியில் திரும்ப வரும். நாளெல்லாம் வேலைக்குப் போய்விட்டு இருட்டும்போது வீடு திரும்புகிறவர்கள் நர்சரியில் கேட்கும்போது பகலில் பூக்கும் கலப்பினத்தை வாங்காமல், நம் குளங்களில் இருக்கும் வெள்ளை அல்லியைக் கேட்டு வாங்குங்கள். அது சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் விரிந்து, மறுநாள் முற்பகல் வரைக்கும் கூம்பாமல் இருக்கும்.